வந்திறங்கிய பின் விசா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கிய பிறகு பெற்றுக்கொள்ளும் சுற்றுலா விசாவைப் பற்றிக் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். விமான நிலையச் செக்-இன் கவுன்ட்டரில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பக்கம் நின்று பார்த்ததையும் பிறகு பயணியாக இந்தப் பக்கம் நின்று பட்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன். கட்டணமும் நாள்கணக்கும் அடிக்கடி மாறுபவை; புறப்படும் வாரத்தில் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை நான். கணவருடன் முதன்முறையாக வெளிநாடு செல்லவிருக்கிறேன். "அந்த நாட்டுக்கு ஆன் அரைவல் விசாதான். முன்கூட்டி எதுவும் செய்ய வேண்டாம், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஏறிவிடுங்கள்" என்கிறார் டிராவல் ஏஜென்ட். அவ்வளவு சுலபமா?

அவர் சொன்னதில் முதல் பாதி சரியாக இருக்கலாம். இரண்டாம் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும். ஆன் அரைவல் விசா என்றால் விசா தேவையில்லை என்று பொருளல்ல. தூதரகத்தில் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை விமான நிலையத்தில் கொடுக்கலாம் என்பது மட்டுமே அதன் பொருள். தூதரகம் பல நாள் எடுத்துக்கொண்டு பார்க்கும் அதே காகிதங்களை அங்கே ஓர் அதிகாரி இரண்டு மூன்று நிமிடத்தில் பார்க்கிறார். தூதரகத்தில் ஒரு காகிதம் குறைந்தால் "நாளைக்குக் கொண்டு வாருங்கள்" என்பார்கள். விமான நிலையத்தில் அந்த நாளை கிடையாது.

மாலத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் கட்டணமின்றி 30 நாள் விசாவை இறங்கியதும் தருகிறார்கள். இதைவிடத் தாராளமான ஏற்பாட்டைக் காண்பது அரிது. அங்கேயும் திரும்பும் டிக்கெட், தங்குமிடத்தின் முன்பதிவு, செலவுக்குப் போதிய பணம் ஆகியவை உண்டா என்று பார்ப்பார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பயணியர் அறிவிப்புப் படிவத்தையும் நிரப்பியிருக்க வேண்டும். 'ஒன்றுமே வேண்டாம்' என்று பெயரெடுத்த இடத்திலேயே இவ்வளவு இருக்கிறது.

பெயரால் வரும் குழப்பம் பயணிகளோடு நிற்பதில்லை. இந்தியா 2014 நவம்பரில் 43 நாட்டவருக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது அதற்கு 'டூரிஸ்ட் விசா ஆன் அரைவல்' என்றே பெயர் வைத்தது. உண்மையில் புறப்படும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும் என்பதுதான் விதி. பெயரைக் கேட்டவர்கள் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணிவிட்டதால், 2015இல் அதை 'இ-டூரிஸ்ட் விசா' என்று மாற்றினார்கள். ஆகவே ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள்: விசாவே தேவையில்லாத நாடா, புறப்படும் முன் இணையத்தில் அனுமதி வாங்க வேண்டிய நாடா, உண்மையிலேயே இறங்கிய பின் கவுன்ட்டரில் வாங்கும் நாடா? மூன்றையும் ஒரே பெயரால் அழைக்கும் ஏஜென்ட்டுகள் பலர் உண்டு.

என் மாமா சில ஆண்டுகளுக்கு முன்பு கென்யாவுக்குப் போய் விமான நிலையத்திலேயே விசா வாங்கினார். நாங்களும் அப்படியே போகலாமா?

போக முடியாது. கென்யா 2021 தொடக்கத்தில் விமான நிலையத்தில் விசா கொடுப்பதை நிறுத்திவிட்டு இணைய விசாவுக்கு மாறியது. 2024 ஜனவரியில் அந்த விசாவையும் எடுத்துவிட்டு, புறப்படும் முன் பெற வேண்டிய மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்தது. மாமா சொன்னது அன்றைக்கு உண்மை. இந்த விஷயத்தில் உறவினரின் அனுபவத்துக்கு ஆயுள் குறைவு.

சுற்றுலாவுக்காகக் கிளம்பிய என் தம்பியை, ரிட்டர்ன் டிக்கெட் இல்லை என்று சொல்லி, செக்-இன் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து நாட்டுக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து திரும்புவது அவன் திட்டம். விசா கொடுப்பதா மறுப்பதா என்பது அந்நாட்டு அதிகாரியின் உரிமை அல்லவா? ஒரு விமான நிறுவன ஊழியர் எப்படித் தடுக்கலாம்?

உங்கள் கோபம் எனக்குப் புதிதல்ல. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று அதை நேரில் வாங்கிக்கொண்டவன் நான். தடுப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு இருந்த வழியைப் பிறகு சொல்கிறேன்.

சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் 9ஆம் இணைப்பு, பயணியிடம் சேருமிடத்துக்கு வேண்டிய ஆவணங்கள் இருக்கின்றனவா என்று ஏறும் இடத்திலேயே பார்க்கும் பொறுப்பை விமான நிறுவனத்தின் மேல் வைக்கிறது. பயணி அங்கே உள்ளே விடப்படாவிட்டால் ஏற்றி வந்த நிறுவனமே திருப்பி அழைத்துச் செல்ல வேண்டும். கவனமின்றி ஏற்றி வந்ததாகக் கருதினால் பல நாடுகள் அபராதமும் விதிக்கின்றன. அதனால்தான் கவுன்ட்டரில் இருப்பவர் உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கியதும் திரையைப் பார்க்கத் தொடங்குகிறார். அவர் பார்ப்பது பெரும்பாலும், விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா நடத்தும் 'டிமாட்டிக்' என்ற தகவல் தொகுப்பு. பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையது, எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், எந்த வழியாக என்று போட்டால், என்னென்ன வேண்டும் என்று நான்கைந்து வரிகளில் விடை வரும். அந்த வரிகளில் 'திரும்பும் அல்லது அடுத்த பயணத்துக்கான டிக்கெட்' என்று இருந்துவிட்டால், உங்களிடம் அது இல்லாமல் அவர் போர்டிங் பாஸை அச்சிட மாட்டார். ஆன் அரைவல் விசாவுக்கு முதல் சோதனை நடப்பது நீங்கள் புறப்படும் ஊரில்தான் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அந்த வரியிலேயே உங்கள் தம்பிக்கு இடமும் இருந்திருக்கிறது. 'ரிட்டர்ன்' டிக்கெட்தான் வேண்டும் என்று பல நாடுகளில் விதி கேட்பதில்லை. அந்த நாட்டைவிட்டு வெளியேறுவதற்கான எந்த உறுதியான டிக்கெட்டும் போதும். பஸ் டிக்கெட்டை ஏற்பதா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் டிக்கெட்டே வாங்காமல் "போகிறேன்" என்று வாயால் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். இப்படித் திட்டமிடுபவர்கள், ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் விமான டிக்கெட் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சில நூறு ரூபாய்க்குப் போலி முன்பதிவு எண் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். கவுன்ட்டரில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மறுக்கும்போது குரலை உயர்த்துவதால் பயனில்லை. "திரையில் உள்ள வாசகத்தை எனக்குப் படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பிறகு பணி மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லுங்கள். ஊழியர் தவறான நாட்டையோ தவறான பாஸ்போர்ட் வகையையோ போட்டுப் பார்த்திருந்த நிகழ்வுகளை நானே கண்டிருக்கிறேன். ஒருமுறை அந்தத் தவறைச் செய்தவனும் நான்தான். அன்றைக்கு அந்தப் பயணி அமைதியாகத் திரையை எட்டிப் பார்த்து, "ஐயா, நான் அந்த நாட்டுக் குடிமகன் இல்லையே" என்றார். கத்தியிருந்தால் நான் மறுபடி பார்த்திருப்பேனா என்பது சந்தேகமே.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கிறார்கள். என்னுடையது செப்டம்பர் 1ஆம் தேதி முடிகிறது. மார்ச் 10 அன்று போகிறேன். ஆறு மாதம் இருக்கிறது அல்லவா?

இல்லை. மார்ச் 10இலிருந்து ஆறு மாதம் என்றால் செப்டம்பர் 10. உங்களுக்கு ஒன்பது நாள் குறைகிறது. அந்த ஒன்பது நாளுக்காகவே நிறுத்திவிடுவார்கள். சில நாடுகள் வந்திறங்கும் தேதியிலிருந்தும் சில நாடுகள் வெளியேறும் தேதியிலிருந்தும் கணக்கிடுகின்றன என்பதால், வெளியேறும் தேதியை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டால் இரண்டுக்கும் சரியாக வரும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டைத் தனியாகப் பாருங்கள். பெரியவர்களுடையதைவிட அதன் காலம் குறைவு. பெற்றோர் தங்களுடையதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவதை வாரம் ஒருமுறையாவது கண்டிருக்கிறேன். முழுதாக ஒரு வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும். நீரில் நனைந்து, படமுள்ள பக்கம் உப்பிப்போன பாஸ்போர்ட்டுடன் ஆன் அரைவல் வரிசையில் போய் நிற்காதீர்கள்.

இறங்கிய பிறகு அங்கே சரியாக என்ன நடக்கும்? யாரைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் நிற்க வேண்டும்?

விமானத்திலிருந்து வெளியே வந்ததும் கூட்டம் ஓடும் திசையில் நீங்களும் ஓடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அந்நாட்டுக் குடிமக்களாகவோ விசா தேவையில்லாதவர்களாகவோ இருப்பார்கள். அவர்கள் நேராகக் குடிவரவு மேசைக்குப் போவார்கள். ஆன் அரைவல் விசாவுக்கான கவுன்ட்டர் பெரும்பாலும் அதற்கு முன்னால் ஓர் ஓரத்தில் இருக்கும். நான் ஒரு நாட்டில் முக்கால் மணி நேரம் குடிவரவு வரிசையில் நின்று, கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரியிடம் பாஸ்போர்ட்டை நீட்டியபோது, அவர் ஒரு சொல்லும் பேசாமல் பேனாவால் எனக்குப் பின்னால் சுட்டிக்காட்டினார். திரும்பிப் பார்த்தால், நான் கடந்து வந்த வழியிலேயே விசா கவுன்ட்டர். அங்கே அப்போது ஆளே இல்லை. எனக்கு முன் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

நேபாளத்தின் காத்மாண்டு விமான நிலையத்தில் இதை மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதலில் படிவத்தை இணையத்திலோ அங்குள்ள இயந்திரத்திலோ நிரப்ப வேண்டும், அடுத்து பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும், அதன் பிறகுதான் குடிவரவு மேசை. இந்தியக் குடிமக்களுக்கு அங்கே விசா தேவையில்லை. மற்ற பல நாட்டவருக்கு 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர், 90 நாளுக்கு 125 டாலர். பெரும்பாலான நாடுகளில் ஒழுங்கு இதுவேதான். படிவம், பணம், முத்திரை என்று நினைவில் வைத்துக்கொண்டால் எந்த மண்டபத்திலும் வழி தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை: தங்கும் முதல் விடுதியின் பெயர், முழு முகவரி, தொலைபேசி எண், திரும்பும் டிக்கெட், இரண்டு புகைப்படங்கள், ஒரு பேனா. மண்டபத்தில் உள்ள பேனா ஒன்றே ஒன்றாக இருக்கும், அது நூலில் கட்டப்பட்டிருக்கும், அதிலும் மை தீர்ந்திருக்கும். விடுதி முன்பதிவையும் டிக்கெட்டையும் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். அந்நிய மண்ணில் இறங்கிய முதல் அரை மணி நேரத்தில் உங்கள் போனுக்கு இணைய இணைப்பு கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மஞ்சள் காய்ச்சல் பரவியுள்ள நாடு வழியாகச் செல்பவர்களிடம் தடுப்பூசிச் சான்றையும் கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும் என்பதால் புறப்படுவதற்கு முதல் நாள் போட்டுக்கொண்டு பயனில்லை.

அதிகாரி கேட்பவை எளிய கேள்விகள்: எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சுற்றுலா விசாவுக்கு நின்றுகொண்டு, "கம்பெனி மீட்டிங்கும் ஒன்று இருக்கிறது" என்று வெள்ளந்தியாகச் சொல்லி வேறு அறைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள் உண்டு. மீட்டிங் உண்மையாகவே இருந்தால் அதை மறைக்கச் சொல்லவில்லை. அதற்கு அனுமதிக்கும் விசா எது என்று புறப்படும் முன்பே பாருங்கள் என்கிறேன்.

கட்டணத்தை எந்தப் பணத்தில் கொடுப்பது? கார்டு செல்லுமா?

சில இடங்களில் செல்லும். இயந்திரம் வேலை செய்யாத நாளும் உண்டு. அந்த நாட்டுப் பணத்திலோ டாலரிலோ சரியான தொகையை ரொக்கமாகத் தனி உறையில் வைத்துக்கொள்வதுதான் என் பழக்கம். இந்தோனேசியாவில் 30 நாள் விசாவுக்கு 5,00,000 ரூப்பியா. கம்போடியாவில் சுற்றுலா விசாவுக்கு 30 டாலர். ஜோர்டானில் ஒருமுறை நுழைய 40 தினார். ஆனால் வரும் முன்பே, சுற்றுலா இடங்களுக்கான நுழைவுச் சீட்டுத் தொகுப்பான 'ஜோர்டான் பாஸ்' வாங்கி, குறைந்தது மூன்று இரவு தங்குபவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. அங்குள்ள பழைய பாறை நகரமான பெட்ராவைப் பார்க்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு அதுவே லாபம்.

டாலர் நோட்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். அமெரிக்க அரசைப் பொறுத்தவரை பழைய நோட்டுகளும் செல்லும். விசா கவுன்ட்டரில் இருப்பவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நான் கொடுத்த நூறு டாலர் நோட்டை ஒரு பெண் அதிகாரி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஓரத்தில் யாரோ எப்போதோ குத்திய ஊதா மை முத்திரை, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார். வேறு நோட்டு இருந்ததால் தப்பித்தேன். கிழிசலும் எழுத்தும் இல்லாத, புதிய வரிசை நோட்டுகளாக, சிறிய மதிப்பிலும் சிலவற்றைக் கொண்டுபோங்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் 2006க்கு முன் அச்சான டாலரை வாங்கவே தயங்குவார்கள். மீதிச் சில்லறை, அவர்கள் சொல்லும் மாற்று விகிதத்தில், அந்த நாட்டுப் பணத்தில்தான் வரும். அறிவிப்புப் பலகையில் உள்ளதைவிட அதிகம் கேட்டால் சிரித்த முகத்தோடு ரசீது கேளுங்கள். பல நேரம் அந்தக் கூடுதல் தொகை அங்கேயே மறைந்துவிடும்.

இணையத்திலேயே முன்கூட்டி வாங்கும் வசதியும் இருந்தால் எது மேல்?

இணையம்தான். இந்தோனேசியா 2022 நவம்பரிலிருந்து இதே ஆன் அரைவல் விசாவை இணையத்திலும் தருகிறது. வரிசை மிச்சம், நோட்டுப் பிரச்சினை இல்லை, மறுப்பு வந்தாலும் வீட்டில் இருக்கும்போதே வரும். ஆனால் தேடும்போது முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள். அவை கட்டணத்தைப் பல மடங்காக்கி வாங்கிவிடும். தூதரகத்தின் தளத்துக்குப் போய் அங்குள்ள இணைப்பு வழியாகச் செல்லுங்கள். பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யமா ஆங்கில ஓ எழுத்தா என்று பார்த்துத் தட்டுங்கள்.

என்னுடையதும் நண்பருடையதும் ஒரே நாட்டு பாஸ்போர்ட். துபாயில் அவருக்கு இறங்கியதும் விசா கிடைத்தது. எனக்கு முன்கூட்டி வாங்க வேண்டும் என்கிறார்கள். மேலும் என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். குடும்பப் பெயர் என்ற இடம் காலி. அதனால் சிக்கல் வருமா?

நண்பரின் பாஸ்போர்ட்டில் வேறொரு விசா ஒட்டியிருக்கும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஐக்கிய அரபு அமீரகம் இந்த வசதியைத் தருவதில்லை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா அல்லது கிரீன் கார்டு, பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வசிப்புரிமை போன்றவை உள்ளவர்களுக்கே 14 நாள் விசா தருகிறது. 2025இல் சிங்கப்பூர், ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகியவற்றின் வசிப்புரிமையையும் சேர்த்தார்கள். மூன்றாம் நாடு ஒன்று உங்களை ஏற்கெனவே சோதித்து அனுமதித்திருக்கிறது என்பதை வைத்து, தன் சோதனையைக் குறைத்துக்கொள்ளும் முறை இது.

ஒற்றைப் பெயர் விஷயத்தில் உங்கள் அச்சம் நியாயமானது. 2022 நவம்பரில் அமீரகம், பெயரோ குடும்பப் பெயரோ ஒன்று மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஆன் அரைவல் விசாவுக்கு ஏற்கலாம் என்று பிறகு விளக்கமும் வந்தது. விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி பயணம் செய்பவராக இருந்தால் பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துப் பதிந்துகொள்வதே நிம்மதி.

ஜூன் 5ஆம் தேதி இறங்குகிறேன், 30 நாள் விசா. ஜூலை 5 அன்று விமானம். சரியா?

இந்தோனேசியா போல, வந்திறங்கும் நாளையே முதல் நாளாகக் கணக்கிடும் நாடுகளில் உங்களுடைய 30ஆம் நாள் ஜூலை 4. ஒரு நாள் கூடுதலாகத் தங்கியதற்கு அங்கே 10,00,000 ரூப்பியா அபராதம். விசாவுக்குக் கொடுத்ததைப் போல் இரண்டு மடங்கு. நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்னால் முத்திரை விழுந்தாலும் அது ஒரு முழு நாள். கவுன்ட்டரைவிட்டு நகரும் முன் முத்திரையில் உள்ள தேதியைப் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் அந்த நிமிடத்தில் திருத்திவிடுவார்கள், ஒரு மாதம் கழித்துத் திருத்த மாட்டார்கள்.

மலிவாக இருக்கிறதே என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நடுவில் உள்ள நாட்டில் விமானம் மாறுவது மட்டும்தான். அங்கேயும் விசா வேண்டுமா?

பெட்டியை அங்கே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டுமென்றால், நீங்கள் அந்நாட்டுக்குள் நுழைந்து வெளியேறுகிறீர்கள். ஆகவே விசா வேண்டும். அந்த நாட்டில் உங்களுக்கு ஆன் அரைவல் வசதி இருந்தாலும், அதன் வரிசைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். கைப்பை மட்டும் என்றால் அடுத்த நிறுவனத்தின் போர்டிங் பாஸ் டிரான்சிட் பகுதியிலேயே கிடைக்குமா என்று முன்பே விசாரியுங்கள்.

எல்லாம் இருந்தும் அங்கே போன பிறகு மறுத்துவிட்டால்?

மறுக்கும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு. உங்கள் நாட்டுத் தூதரகம் அதை மாற்ற முடியாது. தடுத்து வைத்தால் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி உங்களுக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பிறகு, கொண்டுவந்த விமான நிறுவனம் உங்களைத் திருப்பி அழைத்துச் செல்லும். அந்தச் செலவை உங்களிடமே வசூலிக்கவும் செய்யலாம். விசாக் கட்டணம் கட்டியிருந்தால் அது திரும்பக் கிடைப்பது அரிது.

காரணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். கொடுத்தால் பத்திரப்படுத்துங்கள், கொடுக்காவிட்டால் தேதி, நேரம், சொன்ன காரணம் ஆகியவற்றை அன்றைக்கே குறித்து வையுங்கள். "எந்த நாட்டிலாவது உங்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டதா?" என்ற கேள்வி இனி நீங்கள் நிரப்பும் பல விசாப் படிவங்களில் வரும். அதற்கு 'ஆம்' என்று எழுதி, அந்தக் குறிப்பை வைத்து இரண்டு வரியில் விளக்குங்கள். 'இல்லை' என்று எழுதிப் பின்னால் பிடிபட்டால், முதல் மறுப்பைவிட அந்தப் பொய்தான் பெரிதாக நிற்கும்.